ஏர்கன் புராணம்

பலூன் சுட்டிருக்கிறீர்களா? மெரினாவில், எலியட்ஸ் பீச்சில், பொருட்காட்சியில், ஊர்த் திருவிழாவில் என்று எங்கேயாவது ஒரு முறை சுட்டிருப்பீர்கள். பலூன்காரர் துப்பாக்கியை நடுவில் மடக்குவார், ஒரு குட்டி ஈயக்குண்டைச் செருகுவார், நிமிர்த்தி நம் கையில் தருவார். பத்தில் மூன்று உடையும். மீதிக்குக் குறிமுள் வளைந்திருக்கிறது என்று அவர்மேல் பழி போட்டுவிட்டு வருவோம். நம்மில் பெரும்பாலானோர் வாழ்நாளில் தொட்ட ஒரே துப்பாக்கி அதுதான். அதன் பெயர் ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைபிள். அதன் வம்ச வரலாறுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிழைப்புக்காக அகமதாபாதில் இருக்கும் வங்கி அதிகாரிக்குத் துப்பாக்கியோடு என்ன சகவாசம் என்று கேட்கலாம். வீட்டு ஹாலில் வைத்துச் சுடுவதற்கு இந்தியத் தயாரிப்பு ஏர் ரைபிள் ஒன்று வைத்திருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் பணத்தின் கணக்கைப் பார்த்துவிட்டு வந்தபின், முப்பது பெல்லட் சுட்டால் தலை லேசாகிறது. அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

அடியேன் பி.காம். இயற்பியலோடு உள்ள உறவு பத்தாம் வகுப்போடு முடிந்தது. ஆனால் இதைப் புரிந்துகொள்ள சைக்கிள் பம்ப் அடித்த அனுபவம் போதும். பம்புக்குள் இருக்கும் தட்டைதான் இங்கே பிஸ்டன். அதன் பின்னால் கனமான சுருள்வில். குழலை மடக்கும்போது (அல்லது கீழேயோ பக்கத்திலோ இருக்கும் நெம்புகோலை இழுக்கும்போது) வில் சுருங்கி ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையை அழுத்தினால் கொக்கி விடுபடும். வில் விரியும், பிஸ்டன் பாயும், முன்னால் இருக்கும் காற்று நசுங்கும், ஒரு சின்னத் துளை வழியாகப் போய் பெல்லட்டைத் தள்ளும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சுடுவதற்கு முன்னால் துப்பாக்கிக்குள் அழுத்தப்பட்ட காற்று என்று எதுவுமே கிடையாது. எல்லாம் விசையை அழுத்திய பிறகுதான். மொத்தக் காரியமும் ஏறக்குறைய நூறில் ஒரு நொடியில் முடிந்துவிடும். பம்ப் அடித்தால் அடிப்பாகம் சுடுமே, அதே போல இங்கும் காற்று சூடாகிறது. ஆனால் பல மடங்கு. உள்ளே எண்ணெய் அதிகமாக இருந்தால் டீசல் எஞ்சினில் போலவே பற்றிக்கொண்டு 'டப்' என்று வெடிக்கும். புகையும் வரும். ஆகவே கண்ட இடத்தில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்.

துருத்தியில் தொடங்கியது

காற்றால் குண்டு எய்வது பழைய யோசனை. ஸ்டாக்ஹோம் அரச ஆயுதக் காட்சியகத்தில் 1580-ஐ ஒட்டிய காலத்துக் காற்றுத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அதன் கட்டைக்குள் ஒரு துருத்தி, துருத்தியை அமுக்க வில். கொல்லன் பட்டறைத் துருத்தியின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் வேறொரு கிளையும் வளர்ந்தது. காற்றை முன்கூட்டியே கலத்தில் அடைத்து வைத்துக்கொள்ளும் வகை. 1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவம் ஜிராண்டோனி என்பவர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியைப் போர்வீரர்களுக்கே கொடுத்தது. புகையில்லை, பெரிய சத்தமில்லை, மழையில் மருந்து நனையும் கவலை இல்லை. ஆனால் கலத்தை நிரப்ப ஆயிரத்துச் சொச்சம் முறை பம்ப் அடிக்க வேண்டும். போர்க்களத்தில் யார் அடிப்பது? 1803 முதல் 1806 வரை அமெரிக்காவைக் குறுக்கே கடந்த லூயிஸ் - கிளார்க் குழுவினரும் காற்றுத் துப்பாக்கி ஒன்றைக் கையோடு கொண்டுபோனார்கள். வழியில் சந்தித்த பழங்குடிகளை வியக்க வைக்க அதைச் சுட்டுக் காட்டினார்கள்.

ஷெர்லாக் ஹோம்ஸ் ரசிகர்களுக்கு ஒரு கொசுறு. 1903-ல் வந்த 'எம்ப்டி ஹவுஸ்' கதையில் வில்லன் கர்னல் மோரன் பயன்படுத்துவது காற்றுத் துப்பாக்கிதான். அந்த மோரன் பழைய பெங்களூர்ப் படைப்பிரிவுக்காரர் என்று எழுதியிருக்கிறார் கானன் டாயில். நம்ம பக்கத்து ஊர்!

இலவச இணைப்பு விழுங்கிய கம்பெனி

இனி வருவது எனக்குப் பிடித்த பகுதி. வணிகவியல் மாணவர்களுக்குப் பாடமாகவே வைக்கலாம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிளிமத் என்ற சிற்றூர். 1882-ல் அங்கே இரும்புக் காற்றாலை செய்யும் ஒரு கம்பெனி தொடங்கியது. விவசாயிகள் கிணற்று நீர் இறைக்கும் காற்றாலை. வியாபாரம் மந்தம். 1880-களின் பின்பாதியில் கிளாரன்ஸ் ஹாமில்டன் என்பவர், முழுக்க உலோகத்தால் ஆன சின்ன ஸ்பிரிங் துப்பாக்கி ஒன்றைச் செய்து கொண்டுவந்து காட்டினார். சுட்டுப் பார்த்த மேலாளர் லூயிஸ் காஸ் ஹஃப், அந்தக் காலக் கொச்சையில் 'டெய்ஸி' என்றாராம். நாம் 'சூப்பர்' என்கிறோமே, அது மாதிரி. காற்றாலை வாங்குகிற விவசாயிக்குத் துப்பாக்கி இலவசம் என்று அறிவித்தார்கள். சோப்புக்கு டப்பா இலவசம் என்பது போல. கொஞ்ச நாளில் எல்லோரும் டப்பாவை மட்டும் கேட்க ஆரம்பித்தார்கள். காற்றாலையை மூட்டை கட்டிவிட்டு, 1895-ல் கம்பெனி தன் பெயரையே டெய்ஸி என்று மாற்றிக்கொண்டது. இன்றும் அமெரிக்காவில் டெய்ஸி என்றால் துப்பாக்கி. காற்றாலை யாருக்கும் ஞாபகமில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தத் துப்பாக்கி யாருக்காக என்பது. ராணுவத்துக்கு அல்ல, வேட்டைக்காரனுக்கும் அல்ல. வீட்டுப் பையனுக்கு.

சைக்கிளும் துப்பாக்கியும்

நம்மூரில் பி.எஸ்.ஏ. சைக்கிள் ஓட்டாதவர்கள் குறைவு. சென்னை அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்தது. அந்த மூன்றெழுத்தின் விரிவு பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ், அதாவது பர்மிங்காம் சிறு ஆயுதங்கள். 1861-ல் இங்கிலாந்தில் துப்பாக்கித் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய சின்னமே மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தியதுதான். துப்பாக்கி ஆர்டர் குறைந்த காலத்தில் அதே உலோகக் கைத்திறனை வைத்து சைக்கிள் செய்தார்கள்.

1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில், தென்னாப்பிரிக்க விவசாயிகள் குறி தவறாமல் சுட்டதைக் கண்டு பிரிட்டிஷார் ஆடிப்போனார்கள். நம் ஆட்களுக்குச் சுடத் தெரியவில்லை என்ற கவலை நாடு முழுக்கப் பரவி, ஊருக்கு ஊர் ரைபிள் கிளப்கள் முளைத்தன. தொழிலாளிக்குத் தோட்டா வாங்கக் கட்டுப்படியாகாது. மைதானமும் கிடையாது. இந்தச் சந்தையைப் பிடித்தவர் பர்மிங்காமைச் சேர்ந்த லிங்கன் ஜெஃப்ரீஸ். குழல் அசையாமல் இருக்க, அடியில் உள்ள நெம்புகோலால் வில்லைச் சுருக்கும் ஏர் ரைபிளுக்கு 1904-ல் காப்புரிமை பெற்றார். 1905 முதல் பி.எஸ்.ஏ. அதைச் செய்து விற்றது.

சுட்ட இடம் எது தெரியுமா? மதுக்கடை. இரும்புத் தகட்டில் சின்னத் துளை, துளைக்குப் பின்னால் மணி. பெல்லட் துளைக்குள் போனால் மணி அடிக்கும். கடைக்குக் கடை அணி, லீக் போட்டி என்று அமர்க்களப்பட்டது. இந்த மணி சுடும் ஆட்டம் இங்கிலாந்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஒரு பெயருக்கு என்ன விலை?

ஜெர்மனியில் ராஸ்டாட் என்ற ஊரில் யாகோப் மேயர், யோசஃப் கிராமெல்ஸ்பாகர் என்ற இருவர் 1890-ல் தொடங்கிய பட்டறைதான் பின்னாளில் 'டயானா' என்ற பெயரால் உலகம் முழுக்கத் தெரிந்தது. டயானா ரோமானியர்களின் வேட்டை தெய்வம். கம்பெனியின் சின்னத்தில் அம்மணி வில்லைத் தூக்கி எறிந்துவிட்டு ஏர்கன்னை உயர்த்திப் பிடித்திருப்பார். குறும்பான ஆட்கள்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி தோற்றது. ஆயுதம் என்ற பெயரில் எதுவும் செய்யக்கூடாது என்று நேச நாடுகள் தடை போட்டன. பையன்கள் சுடும் ஏர்கன்னும் அதில் அடக்கம். ராஸ்டாட் இயந்திரங்கள் போர் இழப்பீடாகக் கைமாறி ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன. கூடவே டயானா என்ற பெயரும். 1950 வாக்கில் தடை நீங்கி ஜெர்மானியர்கள் மறுபடி தொழிலைத் தொடங்கியபோது, பிரிட்டனில் தங்கள் பெயரையே தாங்கள் பயன்படுத்த முடியாத நிலை. என்ன செய்தார்கள்? 'ஒரிஜினல்' என்று பெயர் வைத்து விற்றார்கள்! 1980-களில் மில்ப்ரோ மூடப்பட்ட பிறகுதான் பெயர் தாய்வீடு திரும்பியது.

கல்லூரியில் நற்பெயர் மதிப்பு, அதாவது குட்வில், என்று ஒரு கணக்கு போடுவோம். கண்ணுக்குத் தெரியாத சொத்து. இயந்திரத்தை மறுபடி வாங்கிவிடலாம். பெயரை மீட்க அவர்களுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

உதையை அடக்கியவர்கள்

ஸ்பிரிங் துப்பாக்கிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் போய் நிற்கும்போது முன்னால் உலுக்கும். இரண்டும் பெல்லட் குழலைவிட்டுக் கிளம்பும் முன்னரே தொடங்கிவிடும். அழுத்திப் பிடித்தால் அந்த உதை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி குழலைத் திருப்பும். எனவே உள்ளங்கையில் சும்மா கிடத்தி, அதன் போக்கில் உதைக்கவிட வேண்டும். டாம் கேலார்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் இதற்கு 'பீரங்கிப் பிடி' என்று பெயர் வைத்தார். பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி என்று நம் பாட்டிகள் சொல்லியிருப்பார்கள்.

போட்டியாளர்களுக்கு இது போதாது. பத்து மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. விளிம்பு புள்ளியைத் தொட்டாலே பத்து என்று வைத்தாலும், பெல்லட்டின் மையம் 2.5 மி.மீ.-க்கு மேல் விலகக்கூடாது. பத்து மீட்டருக்கு 2.5 மி.மீ. என்றால் நாலாயிரத்தில் ஒரு பங்கு. அரை மீட்டர் நீளக் குழலின் நுனி எட்டில் ஒரு மி.மீ. நகர்ந்தால் போச்சு.

இதற்கு ஜெர்மானியர்கள் இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, டயானாவில் வந்த கிஸ் முறை. இரண்டு பிஸ்டன்களை எதிரெதிர்த் திசையில் ஓடவிட்டு உதையை உதையால் சமன் செய்வது. வரவும் பற்றும் நேர் ஆவது போல. இன்னொன்று, ஒபெர்ன்டோர்ஃப் நகரின் ஃபைன்வெர்க்பாவ் நிறுவனத்தின் வழி. துப்பாக்கியின் உள்பாகம் முழுவதும் தண்டவாளத்தில் போவது போலப் பின்னால் வழுக்கும். சுடுபவரின் தோளுக்கு உதை தெரியாது. 1966 உலகச் சாம்பியன்ஷிப்பில் ஏர் ரைபிள் போட்டியாகச் சேர்ந்தது. ஃபைன்வெர்க்பாவின் 300 வரிசை பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது.

1970-களின் நடுவில் ஒரே இழுப்பில் காற்றை அடைத்து வைக்கும் துப்பாக்கிகள் வந்தன. அவற்றில் சுடும்போது பாயும் பிஸ்டனும் இல்லை, உதையும் இல்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஏர் ரைபிள் முதன்முறை இடம்பெற்ற சமயத்தில் ஸ்பிரிங்கின் காலம் மேல்மட்டத்தில் முடிந்துகொண்டிருந்தது. இன்று சர்வதேசப் போட்டியில் எல்லாம் சிலிண்டரில் அடைத்த காற்றுதான்.

ஆனால் வீட்டைவிட்டு ஸ்பிரிங் போகவில்லை. சிலிண்டர் நிரப்ப வேண்டாம், உயர் அழுத்த பம்ப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். துப்பாக்கியும் ஒரு டப்பா பெல்லட்டும் இருந்தால் போதும். இதில் நன்றாகச் சுடப் பழகியவன் வேறு எதிலும் சுடுவான் என்று பயிற்சியாளர்கள் சொல்வதுண்டு. உதையை மன்னிக்காத ஆசிரியர்.

இந்தியக் கிளை

நம் நாட்டில் எந்த ஏர்கன்னையும் 'டயானா' என்று அழைக்கும் வழக்கம் பெரியவர்களிடம் உண்டு. நகலெடுக்கும் எந்த இயந்திரமும் ஜெராக்ஸ் ஆன கதைதான். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் டயானா 35 மாடலை ஒட்டி இங்கேயே செய்தார்கள். அப்படிச் செய்தவற்றில் ஒன்று இந்தியன் ஹ்யூம் பைப் கம்பெனி. வால்சந்த் ஹிராசந்த் 1926-ல் தொடங்கியது. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் கான்கிரீட் குழாய் அவர்கள் தொழில். அங்கே நீர் இறைக்கும் காற்றாலைக் கம்பெனி, இங்கே நீர்க்குழாய்க் கம்பெனி. ஏர்கன்னுக்கும் தண்ணீருக்கும் என்ன பந்தமோ!

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்பட்டாலோ குழல் விட்டம் 4.5 மி.மீ.-ஐத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். அதற்குள் என்றால் வேண்டாம். ஜெர்மனியில் உரிமமில்லா எல்லை 7.5 ஜூல். இங்கிலாந்தில் ரைபிளுக்கு 12 அடி-பவுண்டு, சுமார் 16 ஜூல். 7.5 ஜூல் என்றால் என்ன? அரை கிராம் பெல்லட் நொடிக்கு 173 மீட்டர் வேகத்தில் போகும். 20 ஜூல் என்றால் 283 மீட்டர். உரிமம் வேண்டாம் என்பதால் பொம்மை என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை இன்னொரு முறை படிக்கவும். கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

வீட்டிலிருந்தே உலக உச்சிக்குப் போனவரும் நம்மிடம் உண்டு. சண்டிகர் அருகே ஜிராக்பூரில் அபினவ் பிந்த்ராவுக்கு அவர் தந்தை வீட்டு வளாகத்திலேயே பயிற்சிக் கூடம் கட்டிக் கொடுத்தார். 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் 700.5 புள்ளிகளோடு இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். எல்லா அப்பாக்களாலும் அது முடியாது, வாஸ்தவம். ஆனால் இந்த விளையாட்டு நாலு சுவருக்குள் அடங்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொருவர் நம்ம பெண். இளவேனில் வாலறிவன். கடலூரில் பிறந்து, இதே அகமதாபாதில் வளர்ந்தவர். 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் ஏர் ரைபிள் தங்கம், பிறகு டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக். வடநாட்டு அறிவிப்பாளர்கள் அந்தப் பெயரை உச்சரிக்கத் தடுமாறும்போது, வாலறிவன் இரண்டாவது குறளிலேயே வரும் சொல்லய்யா என்று டிவியைப் பார்த்துச் சொல்லிக்கொள்வேன்.

கபூதர்

இந்தத் துப்பாக்கியின் வரலாற்றில் இருட்டுப் பக்கம் ஒன்று உண்டு. குருவி, புறா, மைனா, அணில். எத்தனை தலைமுறைப் பையன்கள் எத்தனை உயிரைச் சும்மா விளையாட்டாக வீழ்த்தியிருப்பார்கள்! எங்கள் ஊரிலும் வாய்க்கால் கரையில் கொக்கு சுட்டவர்கள் இருந்தார்கள். டெய்ஸியும் டயானாவும் பையன் கையில் துப்பாக்கி கொடுத்தனவே தவிர, எதைச் சுடக்கூடாது என்று சொல்லிக் கொடுக்கும் வேலை வீட்டாரிடம் விடப்பட்டது. பல வீடுகளில் அது நடக்கவில்லை.

நான் துப்பாக்கி வாங்கிய இரண்டாவது வாரம் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வந்தார். எழுபது வயது, ஜைனர், காலையில் புறாக்களுக்குச் சோளம் போடாமல் டீ குடிக்காதவர். உத்தராயண் பட்டத் திருவிழாவில் நூலில் அறுபட்ட பறவைகளைக் காப்பாற்ற ஜனவரியில் இங்கே முகாமே நடக்கும். அப்படிப்பட்ட ஊர். வாசலில் நின்றபடியே, "பாய், கபூதர்?" என்று ஒரே ஒரு சொல் கேட்டார்.

உள்ளே அழைத்துக் காட்டினேன். சாய்த்து வைத்த கனமான இரும்புத் தகடு, அதன்மேல் அப்பிய களிமண் போன்ற பசை, அதன் முன்னால் காகித இலக்கு, தேதி போட்டு அடுக்கிய பழைய அட்டைகள். ஜன்னல்கள் மூடியிருந்தன. அவர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாஸ்புக் சரிபார்ப்பவர் மாதிரி. பிறகு, "நடுவில் விழவே மாட்டேன் என்கிறதே" என்றார். உண்மைதான், வேறென்ன சொல்வது! தானும் ஒன்று சுடட்டுமா என்றார். அவருடையது எட்டில் விழுந்தது.

அவர் கேள்வி நியாயமானது. 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் மாடிவீட்டு ஜன்னலுக்குள் எந்தச் சட்டம் எட்டிப் பார்க்கும்? அருணாசலப் பிரதேசத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே காட்டுப் பறவைகள் ஏர்கன்னால் அருகிப் போவதைக் கண்டு, 2021 மார்ச்சில் ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம் ஒன்றை மாநில அரசு தொடங்கியது. தண்டனை, பறிமுதல் என்றில்லாமல், தாமாகக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்கள். 2,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய மக்கள் தாங்களே கொண்டுவந்து வைத்தார்கள். அதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. கையில் உள்ளதைக் கொடுப்பது எத்தனை கடினம் என்று வங்கிக்காரனுக்குத் தெரியும்.

வீட்டில் சுட விரும்புபவர்களுக்கு

மதுக்கடையில், கூடத்தில், தாழ்வாரத்தில் என்று நூறு வருஷத்துக்கு மேல் வீட்டோடு வாழ்ந்த கருவி இது. ஆகவே வீட்டு விதிகள்:

பெல்லட்டைத் தாங்கும் தடுப்பு முதலில், துப்பாக்கி பிறகு. தடுப்புக்குப் பின்னால் கதவோ நடமாட்டமோ இருக்கக்கூடாது. கண்ணாடி அணியாமல் சுடாதீர்கள், பார்ப்பவர்களுக்கும் சேர்த்து. பெல்லட் இல்லாமல் சுடாதீர்கள். எதிர்த்து நிற்கும் காற்று இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் மோதி உடையும். மடக்கிய குழலைக் கைவிட்டு விசையைத் தொடாதீர்கள், விரல் போகும். பெல்லட் ஈயம், எனவே சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் முறுக்கில் கை வைக்க வேண்டும். பத்து மீட்டர் இடம் இல்லை என்றால் இலக்கைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். ஏழு மீட்டருக்குப் பத்தில் ஏழு பங்கு அளவு அட்டை. பார்வைக்கு அதே அளவாகத் தெரியும்.

துப்பாக்கியும் பெல்லட்டும் வேறு வேறு பூட்டில் இருக்கட்டும். சாவி பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில். லாக்கர் விதி மாதிரிதான். சுடக் கற்றுத் தருவதாக இருந்தால், எதைச் சுடக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பெல்லட்டுக்கு ஏன் இடுப்பு ஒடுங்கிய உடுக்கை வடிவம் என்பது தனிக் கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.